நாலும் கொஞ்சமும்

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அப்புறம் கொஞ்சம்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். ஜாக்கியில் தூக்கி நிறுத்திய பின்சக்கரங்களை ஒரு முழுச் சுற்று சுற்றினால், கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் நீளத் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் கணக்கு. தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தேன். ஒரு சக்கரத்தை அக்கா பிடித்துக்கொண்டார், மற்றதை அவர் கணவர். கோடு நாலு முறை என் மூக்குக்கு நேரே வந்து போனது. ஐந்தாவது முறை கிளம்பி, கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது.

"எவ்ளோ தம்பி?" என்றார் அக்கா.

"நாலும் கொஞ்சமும்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்தான் அக்கா."

செடி விற்கிற அக்காவுக்கு அந்தக் கேள்வி தோன்றியது. நாலு வருடம் மெக்கானிக்கல் படித்த எனக்குத் தோன்றவில்லை. கைபேசியில் அப்படியே குறித்துக்கொண்டு, சட்டையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் எழுந்தேன். அன்றைக்கே பழைய வண்டிச் சாமான் விற்கும் மாயாபுரிக்குப் போய்விடத் துடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என்கிறேனே தவிர, உறவில்லை. டில்லியில் யமுனைப் படுகையில், புஷ்தா என்று இங்கே எல்லாரும் சொல்லும் கரைமேட்டுக்குக் கீழே, குத்தகை மண்ணில் நர்சரி வைத்திருந்தார். சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். துவாரகாவில் எங்கள் வீட்டு பால்கனியில் அம்மா மூன்று கறிவேப்பிலைச் செடிகளைக் கொன்றிருந்தார். நாலாவதை வாங்கத்தான் முதலில் அங்கே போனேன். அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, தொட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மோர ஊத்தச் சொல்லு. தண்ணிய ஊத்தி ஊத்திக் கொல்லுறாங்க பாரு, அந்த வேலய வுடச் சொல்லு."

அப்படித்தான் பழக்கம். அவர் கணவர் துவாரகாவில் நாலைந்து அடுக்குமாடி சொசைட்டிகளில் தோட்டவேலை செய்தார், அதிகம் பேசமாட்டார். அக்காவை அக்கா என்றதால் அவரை மாமா என்றேன். என்னை இரண்டு பேருமே தம்பி என்றார்கள். கோபம் வந்தால் மட்டும் அக்கா "இஞ்சினீரு" என்பார்.

அவர்களிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி, டில்லியில் அதற்குத் தடை, மேலே ரோட்டுக்கு வந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அக்காவுக்கு லைசென்ஸும் கிடையாது. ஆகவே வண்டியும் அக்காவும் கரைமேட்டுக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தார்கள். வண்டல், எரு, செடிப் பைகள் எல்லாவற்றையும் மேட்டின் அடிவாரம் வரை அதில் கொண்டுவருவார். அங்கிருந்து வாடகை டெம்போ.

"மண்ணுல ஓட்டறதுக்கு எவன் லைசென்ஸ் கேக்கப்போறான்? எருமையா?" என்பார்.

ஆனால் மண் அந்த வண்டியை விடவில்லை. முதல் தடவை நான் பார்த்தபோதே அது அச்சு வரை புதைந்து, பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. தள்ளினேன். பல்லில் மண் அரைபட்டது. ஒருவழியாக வெளியே வந்ததும் அக்கா வண்டியை அணைத்துவிட்டு, வரிசையாக நின்ற பாதி டிரம்களைக் காட்டினார். எண்ணெய் டிரம்மை இரண்டாக அறுத்துத் தொட்டியாக்கியவை. பதினாலு. ஜாதிமல்லி, குண்டுமல்லி, நாலைந்து விதச் செம்பருத்தி.

"இதுங்கதான் தாய்ச்செடி. இதுலேர்ந்து கொம்பு வெட்டி நட்டுத்தான் அத்தினி பையும். சின்னப் பைய தலையில தூக்கிட்டு மேல ஓடிருவன். இத எப்பிடித் தூக்குவ? போன வருஷம் ஆத்துல தண்ணி வந்தப்ப வண்டி சேத்துல மாட்டிக்கிச்சி. இருபத்தொண்ணு இருந்திச்சி. ஏழு அழுவிப் போச்சி."

"இதை ஃபோர் வீல் ஆக்கிடலாம் அக்கா" என்றேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. சேறு காய்வதற்குள் வாய் சொல்லிவிட்டது. பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கிற வண்டி அது. முன்னாலும், தண்டின் சுற்றைச் சக்கரங்களுக்குத் திருப்பும் டிஃபரன்ஷியல் வைத்த ஒரு ஆக்ஸிலை மாட்டி, நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பெட்டியை வைத்தால், இன்ஜினின் இழுப்பு இரண்டு தண்டுகளாகப் பிரிந்து நாலு சக்கரத்துக்கும் போகும். ஒரு லீவரை முன்னால் தள்ளினால் நாலு, பின்னால் இழுத்தால் இரண்டு. குளிர்காலம் முழுக்க, படிப்பதற்கென்று வாடகைக்கு எடுத்திருந்த முனிர்கா அறையில் ரஜாயைப் போர்த்திக்கொண்டு இதைத்தான் வீடியோ வீடியோவாகப் பார்த்திருந்தேன். அப்பாவின் கணக்கில் நான் பொதுத்துறைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஆவுமா?" என்றார் என்னோடு வண்டியைத் தள்ளிய மாமா. அன்றைக்கு அவர் பேசிய ஒரே சொல்.

"ஆவும் மாமா. ஒரே விஷயம்தான் முக்கியம். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் ரெண்டுக்கும் ரேஷியோ, அதான் சக்கரம் ஒரு சுத்துக்குத் தண்டு எத்தனை சுத்துங்கற கணக்கு, ஒண்ணா இருக்கணும்."

இதைச் சொன்னவன் நான்தான். என் வாயால்தான் சொன்னேன். அதனால்தான் அந்த எண்ணிக்கையே நடந்தது.

மாயாபுரியில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சந்துகளில் ஒரு கடை. ஆக்ஸில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்புப் பெயின்ட், ஆகவே எது எந்த வண்டியுடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"கின் கே லே ஜானா, பேட்டா. பாத் மே ரோனா மத்" என்றார். எண்ணிப் பார்த்து எடுத்துப் போ, அப்புறம் வந்து அழாதே என்று அர்த்தம். நல்ல மனுஷன். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எண்ணினேன். குவியலில் கிடந்த ஆக்ஸிலின் ஒரு பக்கம் மற்ற இரும்புக்கு அடியில் சிக்கி, திரும்பாமல் நின்றது. ஒரு பக்கம் திரும்பாவிட்டால் மறுபக்கத்தை ஒன்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் பாதி எண்தான் வரும். பல பேர் இதில்தான் கோட்டை விடுவார்கள். எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்த பெருமையில் இரண்டு சுற்று சுற்றினேன். சாக்பீஸ் கோடு நாலு முறை வந்து போய், கொஞ்சம் தாண்டி நின்றது.

நாலும் கொஞ்சமும். அதே!

பின்னால் இன்னொருவர் அதே ஆக்ஸிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையிலும் சாக்பீஸ். "மேரா ஹை", என்னுடையது, என்று அதன்மேல் கையை வைத்துவிட்டேன்.

சக்கரத்தைப் பத்துச் சுற்று சுற்றி எண்ணியிருக்க வேண்டும். பத்துச் சுற்றில் அந்தக் கொஞ்சம் பத்து மடங்காகி எண்ணாக வெளியே வந்து நிற்கும். இதையும் அதே வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

வண்டியை ரோட்டுக்குக் கொண்டுபோக முடியாததால், வெல்டிங்காரர் ஒருவரை ஜெனரேட்டரோடு கீழே அழைத்துவந்தோம். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். முன் ஸ்பிரிங்கின் கால்களை அறுத்து ஒட்டினார், டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்க ஒரு தொட்டில் செய்தார். நான் போல்ட் முடுக்கினேன், படம் வரைந்தேன், கிரீஸோடு தயிர்சாதம் தின்றேன். ஏப்ரல் முதல் வாரம் அக்கா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில்.

மணலில் இறங்கினோம். லீவரை முன்னால் தள்ளச் சொன்னேன். வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டு, நாலு காலாலும் மண்ணைப் பற்றிக்கொண்டு, சும்மா நடந்து போவதுபோல மறுபக்கம் ஏறியது. அக்கா சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த தூசு கொட்டியது.

"ஏ இஞ்சினீரு! நெசமாவே படிச்சிருக்கடா நீ!"

இரண்டு வாரத்தில் படுகை முழுக்கப் பேச்சாகிவிட்டது. வெள்ளரிக்காய் போடுகிறவர்கள், முலாம்பழக்காரர்கள், யாருடைய டெம்போ புதைந்தாலும் அக்காவுக்குப் போன். "மதராசி கா டாங்க்", மதராசியின் டாங்கி, என்று பெயர் வைத்தார்கள். அக்கா கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டு, அவர்கள் கொடுக்கும் தர்பூசணியைப் பின்னால் போட்டுக்கொண்டு வருவார். முனிர்கா அறைக்கும் ஒன்று வந்தது.

ஒரே ஒரு குறை. லீவர் திரும்பி வரமாட்டேன் என்றது. நாலில் போட்டால் நாலிலேயே பிடித்துக்கொள்ளும். அக்கா இரண்டு கையாலும் இழுப்பார். கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தால் மட்டும் 'டங்' என்று ஒரு சத்தத்தோடு விடும்.

"பின்னால போனாத்தான் வுடுது தம்பி. முன்னால போவச்சொல்ல கெட்டியா புடிச்சிக்குது."

"புதுசுல்ல அக்கா, பழகணும்" என்றேன்.

மாயாபுரிக் குவியலிலிருந்து எடுத்த இரும்பைப் புதுசு என்றேன். அவரும் தலையாட்டினார்.

மே மாதம் கரைமேட்டுக்கு ஏறும் சரிவின் மேல் பாதிக்கு சிமென்ட் போட்டார்கள். அதுவரை முழுக்க மண்தான். கீழ்ப் பாதியை அப்படியே விட்டுவிட்டு, மேல் பாதி வெள்ளையாக, சுத்தமாக. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

ஜூன் கடைசியில் என் அறைத்தோழன் கூட வந்தான். திருநெல்வேலிக்காரன். ஐந்து வருடமாக டில்லியில் சர்க்கார் பரீட்சை எழுதுகிறான், எதையும் நம்பமாட்டான். மழை ஒரு தடவை பெய்து விட்டிருந்தது. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, லீவர் ஏன் பிடிக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா நிற்கிறானே என்று, முதலில் பின்சக்கரங்கள், பிறகு முன்சக்கரங்கள் என்று இரண்டு தடவையும் ஒரு பக்கத்தை அவனிடமும் மறுபக்கத்தை அக்காவிடமும் கொடுத்துச் சுற்றச் சொன்னேன். நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன். அவன் பாட்டுக்குச் சுற்றினான், பத்துச் சுற்று, சத்தமாக எண்ணிக்கொண்டு. நான் அடியில் கோட்டை எண்ணினேன்.

பின்னால் நாற்பத்தொன்று.

முன்னால் நாற்பத்துமூன்று.

திரும்பச் சுற்றச் சொன்னேன். நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று. நாலு புள்ளி ஒன்று. நாலு புள்ளி மூன்று. இரண்டுமே நாலும் கொஞ்சமும்தான்.

அக்கா யாரோ வாடிக்கையாளர் வந்தார் என்று போய்விட்டார். நான் அடியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"என்னல ஆச்சு? தூங்கிட்டியா?" என்று அவன் குனிந்து பார்த்தான். சொன்னேன்.

"புரியுத மாதிரி சொல்லுல."

"நம்ம கட்டிலை மூணாவது மாடிக்குத் தூக்குனோமே, நீ முன்னால, நான் பின்னால. ரெண்டு பேரும் ஒரே வேகத்துல நடந்தோம். நான் நூறடி வைக்கும்போது நீ தொண்ணூத்தஞ்சுதான் வைப்பேன்னா என்ன ஆகும்?"

"கட்டிலு என் முதுகுல குத்தும்."

"கட்டில் இரும்பு, ரெண்டு பேரும் கையை விடவே முடியாதுன்னா?"

அவன் யோசித்தான். "கட்டிலு ஒடியும். இல்லன்னா நான் ஒடிவேன்." பிறகு, "இத்தன நாளு ஏம்ல ஒடியல?"

மண்தான் காரணம். மண்ணிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கும், அந்த ஐந்தடி வித்தியாசத்தை வழுக்கல் தின்றுவிடும். காய்ந்த சிமென்ட்டில் வழுக்காது. முன்சக்கரம் பிரேக் போட்டதுபோல் இழுக்கும், பின்சக்கரம் தள்ளும், நடுவில் இருக்கும் பெட்டி முறுக்கிக்கொண்டே போகும். லீவர் பிடித்துக்கொண்டதும் அந்த முறுக்கினால்தான்.

"அவியகிட்ட சொல்லிரு" என்றான்.

"மாத்திட்டுச் சொல்றேன்."

"இன்னிக்கே சொல்லுல."

சொல்லவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை. மூன்று தடவை மாயாபுரி போனேன். அதே வண்டிக்குப் பொருந்தும் நாலு புள்ளி ஒன்று கிரவுன்-பினியன் பல்சக்கர செட் முன் ஆக்ஸிலுக்குக் கிடைத்தால் போதும், அல்லது பின்னுக்கு நாலு புள்ளி மூன்று. ஸ்டூல்காரர் என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "ரோ ரஹா ஹை?", அழுகிறாயா, என்று கேட்டுவிட்டு, சிரிக்காமல் ஒரு டீ சொன்னார். "கல் ஆனா" என்றார். நாளைக்கு வா. அடுத்த நாளும் அதையே சொன்னார். இல்லை என்று சொல்ல அவருக்கு மனமில்லை.

பத்தாம் நாள் காலை, கரைமேட்டின் மேல் ஒலிபெருக்கி கட்டிய வண்டி போனது. மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நாளை சாயங்காலம் படுகைக்கு வரும், எல்லாரும் மேலே வந்துவிட வேண்டும். யமுனைத் தண்ணீர் அப்படித்தான், சொல்லிவிட்டு வரும். ஒன்றரை நாள் அவகாசம் கொடுத்துவிட்டு மெதுவாக வரும். அக்கா போன் செய்தபோது குரலில் பதற்றமே இல்லை. "டாங்க்கு இருக்குதே, என்னா பயம். நீ ஜல்தி வா, டிரம்மு ஏத்த ஆளு வேணும்."

போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும். நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று, ஒன்பது நாள்.

அக்கா தொட்டியிலிருந்த களையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே கேட்டார். முடித்ததும் கையை உதறினார்.

"அப்ப நாலுல போட்டா சிமெண்டுல ஒடஞ்சிரும்."

"உடையலாம் அக்கா."

"ரெண்டுல போட்டா சேத்துல மாட்டிக்கும்."

"ஆமா."

"எதுல போவட்டும்?"

அவர் பிடுங்கிப் போட்ட களையைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"அன்னிக்கே கேட்டன் உன்னிய, கொஞ்சம்னா எவ்ளோன்னு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

மாமா முதல் முறையாக நீளமாகப் பேசினார். "ஆனது ஆச்சி. வழி என்னன்னு மட்டும் சொல்லு தம்பி."

சரிவில் ரிவர்ஸ் எடுத்தால் வண்டி மறுபடி சேற்றுக்குள் போய்விடும், ஆனால் வேறு ஒரு வழி இருந்தது. சேறு முடியும் வரை நாலில் வருவது. நாலு சக்கரமும் சிமென்ட்டைத் தொட்டதும் நிறுத்தி, பின்சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குவது. சக்கரம் தரையை விட்டதும் முறுக்கு அவிழ்ந்துவிடும், லீவர் வரும். பிறகு பின்சக்கரங்களோடு மட்டும் மேலே. மூன்று நடை போனால் பதினாலு டிரம்மும் ஏறிவிடும்.

மறுநாள் காலை நல்ல வெயில். டில்லியில் அன்றைக்கு மழை இல்லை. இரண்டு நாளைக்கு முன் பெய்ததில் கீழ்ச் சரிவு மட்டும் சேறாக இருந்தது, மேல் சிமென்ட் காய்ந்து கண்ணைக் கூசவைத்தது. ஆறு இன்னும் தூரத்தில்தான் இருந்தது. படுகையில் இருந்த அத்தனை பேரும் சரிவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். கட்டில்கள், எருமைகள், ஒரு கூண்டு கோழி, தகரக் கூரை.

முதல் நடை, ஐந்து டிரம். சிமென்ட் தொடங்கும் இடத்தில் நான் ஜாக்கியோடும் செங்கலோடும் நின்றேன். அக்கா சொன்ன இடத்தில் நிறுத்தினார். முன்சக்கரத்தைத் தூக்கினேன், அது தரையை விட்ட கணத்தில் 'டங்' என்று தானே கால்சுற்று சுற்றிக்கொண்டது. லீவர் வந்தது. வண்டி மேலே ஏறிப் போனது. ஐந்து தாய்ச்செடிகளை மாமாவும் இன்னும் சிலரும் ரோட்டோரம் இறக்கினார்கள். எல்லாம் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் பின்னால் நின்றவர்கள் என் குடும்பம் முழுவதையும் விசாரித்துவிட்டார்கள்.

இரண்டாம் நடை. இன்னும் ஐந்து. இந்தத் தடவை அக்காவின் வண்டிக்குப் பின்னாலேயே, முட்டுகிற தூரத்தில், ஒரு டிராக்டர். டிரெய்லரில் ஒரு வீடே இருந்தது, அதன்மேல் பெண்களும் குழந்தைகளும்.

"சலோ, சலோ! ருக்னா மத்!" என்று டிராக்டர்காரர் கத்தினார். போய்க்கொண்டே இரு, நிற்காதே. நியாயம்தான். வழுக்குச் சேற்றில் ஏறிக்கொண்டிருக்கிறார், நின்றால் அவர் மறுபடி கிளம்ப முடியாது, டிரெய்லர் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும்.

அக்காவின் முன்சக்கரம் சிமென்ட்டைத் தொட்டது. பின்சக்கரமும் ஏறியது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நிறுத்தவா, போகவா?

நான் டிராக்டரைப் பார்த்தேன். டிரெய்லரில் இருந்த குழந்தைகளைப் பார்த்தேன். கையைத் தூக்கினேன், அது பாதியில் நின்றுவிட்டது. நில் என்றும் இல்லாமல், போ என்றும் இல்லாமல், தோளுக்கும் தலைக்கும் நடுவில். ஒரு கையில் செங்கல். அந்தக் கையை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். எது சரி என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அக்கா போனார்.

முப்பது அடி வரை ஒன்றும் இல்லை. பிறகு முன்டயர் இழுபடும் சத்தம், ஈரமில்லாத தரையில் ரப்பர் தேய்கிற கிறீச். இன்ஜின் திணறியது. நான் பக்கத்தில் ஓடிக்கொண்டே "ஆக்ஸிலேட்டரை விடுங்க, விடுங்க" என்றேன். விட்டால் பின்னால் டிராக்டர். அக்கா விடவில்லை. மேட்டின் உச்சிக்குப் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும்போது வண்டியின் வயிற்றில் ஒரு வெடிச்சத்தம். டிரான்ஸ்ஃபர் கேஸ் பிளந்து, கறுப்பு எண்ணெய் வெள்ளைச் சிமென்ட்டில் கோடாக இறங்கி வந்தது. அக்கா பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பின்சக்கரத்துக்குச் செங்கலை முட்டுக் கொடுத்தேன். அதை மட்டும் சரியாகச் செய்தேன்.

வழியை ஒரே வண்டி அடைத்துக்கொண்டிருந்தது. கீழே டிராக்டர், அதற்குக் கீழே மற்ற எல்லாரும். யாரும் அதிகம் கத்தவில்லை, நேரமில்லை. பதினைந்து இருபது பேர் வந்தார்கள். "ஹட்டாவ் இஸ்கோ", இதை அப்புறப்படுத்து, என்று ஒருவர் சொன்னார். டிரம்களை இறக்கிக்கொள்ளட்டும் என்று கெஞ்சினேன். ஒரு டிரம்முக்கு ஆறு பேர் வேண்டும், அவர்கள் வீடுகள் கீழே இருந்தன. வண்டியைச் சற்றுப் பின்னால் உருட்டி, சிமென்ட்டின் ஓரத்துக்குத் திருப்பி, பக்கச் சரிவில் தள்ளிவிட்டார்கள். ஐந்து டிரம்மோடும் அது புல்லில் இறங்கிப் பாதி தூரத்தில் ஒரு வேப்பமரத்தில் சாய்ந்து நின்றது. டிராக்டர் எங்களைத் தாண்டி ஏறிப் போனது. டிரெய்லரிலிருந்த பெண் ஒருத்தி அக்காவைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஐந்து மேலே. ஐந்து வேப்பமரத்தில். நாலு கீழே நர்சரியிலேயே. பழையபடி கட்டி இழுக்கலாமா, வேறு வண்டி கிடைக்குமா என்று நான் பேசிக்கொண்டே இருந்தேன். மேலே போய் இரண்டு டெம்போக்காரர்களைக் கேட்டேன். கீழே இறங்கமாட்டோம் என்றார்கள். நானாக இருந்தாலும் இறங்கமாட்டேன்.

திரும்பி வந்தபோது அக்கா கையில் இரண்டு கத்தரிகள். ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

"செடி போனா போவட்டும். கொம்பு வேணும். நீ வண்டியில இருக்கறத வெட்டு, நான் கீழ போறன். ஒரு சாண் நீளம். எலய உருவிப் போட்டுடு. கீழ்ப்பக்கம் சாய்ச்சி வெட்டணும், மேப்பக்கம் நேரா. நட்றப்ப எது தல எது காலுன்னு அத்த வெச்சித்தான் தெரியும். தலகீழா நட்டா புடிக்காது. புரிஞ்சிதா?"

"புரிஞ்சுது அக்கா."

சாய்ந்த வண்டியில் ஏறி, கால் வழுக்காமல் ஒரு டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்தேன். தூரத்தில் வெள்ளரிப் பந்தல்களுக்கு நடுவே தண்ணீர் மின்னியது. இன்னும் வேகமாக வெட்டினேன். வேகம் எனக்கு வரும். ஜாதிமல்லி, குண்டுமல்லி, செம்பருத்தி, கிளை கிளையாக இழுத்து, வெட்டி, இலையை உருவி, நனைத்த சாக்கில் அடுக்கினேன். மதியத்துக்குள் ஐந்து டிரம்மும் மொட்டையாகிவிட்டன. இரண்டு பெரிய கட்டு. தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறியபோது, அன்றைக்கு ஒரு வேலையாவது முடித்த திருப்தி இருந்தது.

அக்கா ஏற்கெனவே வந்து, ரோட்டோரம் ஐந்து டிரம்களின் நிழலில் உட்கார்ந்து, தன் கட்டைப் பிரித்து மாமாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். என் சாக்கை வாங்கி விரித்தார். ஒரு குச்சியை எடுத்தார். இன்னொன்று. கையளவு அள்ளிப் பார்த்தார்.

இரண்டு முனையும் நேராக இருந்தன. எல்லாவற்றிலும்.

நான் வாயைத் திறந்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பேசாத" என்றார்.

ஒரு குச்சியைக் கட்டைவிரலால் தடவினார். இலை இருந்த தழும்பைத் தேடி, அதற்கு எந்தப் பக்கம் மொக்கு புடைத்திருக்கிறது என்று நகத்தால் பார்த்து, சரியான பக்கம் திருப்பிக் கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார். தடவினார். திருப்பினார். நூற்றுக்கணக்கில் இருந்தன. நானும் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் எனக்கு ஒரே மாதிரிதான் இருந்தது. அக்கா அதைக் கையிலிருந்து வாங்கி, பார்த்துத் திருப்பி வைத்தார்.

கீழே தண்ணீர் நர்சரியின் வேலியைத் தாண்டி, அவசரமே இல்லாமல் சரிவை நோக்கி வந்துகொண்டிருந்தது. மாமா துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேப்பமரத்தில் சாய்ந்த வண்டியின் முன்சக்கரத்துக்குத் தண்ணீர் வரும்போது நாலரை மணி இருக்கும்.

அக்கா சரிபார்த்த குச்சிகளை ஒரு கட்டாகச் சேர்த்து, ஈரச் சாக்கைச் சுற்றி, என் இரண்டு கையிலும் நிறுத்தி வைத்தார்.

"இப்பிடியே புடி. திருப்பிடாத."

பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அடுத்த குச்சியை எடுத்தார்.